கொல்லைப்புற விசித்திரங்கள்: எதைத் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் கிடக்கிறது. அதில் வழக்கமான தோட்டம் போட மனமில்லை. பார்ப்பவர் நின்று, 'இதை எதற்காகச் செய்தீர்கள்?' என்று கேட்கும்படி ஏதாவது ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசை மட்டும் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவருக்கு வழிகள் குறைவில்லை. நாட்டுப்புறச் சாலைகளில் மக்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கும் வினோதங்களில் பல, இப்படி யாரோ ஒருவர் தன் கொல்லையில் தனியாகத் தொடங்கியவைதாம். சிமென்டும் உடைந்த சில்லுகளும் கொண்டு கட்டுவது, உயிர்வேலியை வளர்த்துப் புதிர்ப்பாதையாக்குவது அல்லது செடிகளை உருவமாக வெட்டுவது, தோட்டத்துக்குள் சிறு ரயில் ஓட்டுவது, ஒரே பருவத்தில் முடிந்துபோகும் ராட்சதப் பூசணி போன்றவற்றை வளர்ப்பது, சூரியக் கடிகாரமோ சூரியக் குடும்ப மாதிரியோ அமைப்பது என்னும் ஐந்தை இங்கே ஒப்பிடுகிறேன். அழகையும் செலவையும் நான் முதல் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிமுடித்த பிறகு அந்தப் பொருள் உங்களிடம் ஆண்டுதோறும் என்ன கேட்கும், நீங்கள் கைவிட நேர்ந்தால் அதற்கு என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவிலுள்ள இரண்டு கயிற்றுப் பந்துகளை வைத்து இதை விளக்கலாம். மின்னசோட்டா மாநிலத்தின் டார்வின் என்ற சிற்றூரில் ஃபிரான்சிஸ் ஜான்சன் என்பவர் 1950-இல் பண்ணைக் கயிற்றைப் பந்தாகச் சுற்றத் தொடங்கி, 1979 வரை விடாமல் சுற்றினார். பந்து கைக்கு அடங்காத எடையை எட்டியதும், ரயில்வேயில் பயன்படும் ஜாக்கிகளைக் கொண்டு அதைத் தூக்கி நிறுத்திச் சுற்றினார். இறுதியில் அதன் எடை 17,400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.9 டன். கான்சாஸ் மாநிலத்தின் காக்கர் சிட்டியில் ஃபிராங்க் ஸ்டோபர் 1953-இல் அதே வேலையைத் தொடங்கி, 1974-இல் இறந்துபோனார். ஜான்சனின் பந்து இன்று கண்ணாடிச் சுவருக்குள் தொடப்படாமல் இருக்கிறது; ஸ்டோபரின் பந்தில் ஊர்க்காரர்களும் வழிப்போக்கர்களும் இன்றும் கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கென்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விழாவும் நடக்கிறது. முதல் பந்தைக் காக்க ஒரு கூரை போதும்; இரண்டாவதற்கு ஓர் ஊரே தேவைப்படுகிறது. தொடங்கும்போது இருவர் கையிலும் இருந்தது ஒரு துண்டுக் கயிறுதான். எந்தப் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டில் எந்த வகைக் கடமையை உருவாக்குகிறோம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சிமென்ட் வேலையிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலானவர் கண்ணை முதலில் கவர்வதும் அதுவே. பிரான்சின் ஓத்ரீவ் கிராமத்தில் தபால்காரராக இருந்த ஃபெர்தினான் ஷெவால், 1879-இல் தன் நடைவழியில் கால் இடறிய ஒரு கல்லின் வடிவத்தில் மயங்கி, கற்களைச் சேகரிக்கத் தொடங்கினார். 1912 வரை 33 ஆண்டுகள் உழைத்து, சுண்ணாம்பும் சிமென்டும் கல்லும் கொண்டு ஒரு கற்பனை மாளிகையைத் தன் தோட்டத்தில் எழுப்பினார். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை, இரும்புக் கம்பிகளை வளைத்து, கம்பி வலை சுற்றி, சாந்து பூசி, அதில் ஓடுகளையும் கிளிஞ்சல்களையும் பாட்டில் துண்டுகளையும் பதித்து, ஏறக்குறைய 30 மீட்டர் உயரம் வரை கோபுரங்களை எழுப்பினார். பற்றவைப்பும் இல்லை, சாரமும் இல்லை. சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், அரசுக்குச் சொந்தமான காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல்களையும் பீங்கான் சில்லுகளையும் கொண்டு உருவங்கள் செய்து வந்தார். அது வெளியில் தெரியவந்தபோது இடிக்கப்படாமல், 1976-இல் பாறைத் தோட்டம் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பிறகு அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் கொடுத்து அதே பணியில் அமர்த்தினார்கள்.

மூன்றும் மனத்தைக் கிளர்த்தும் கதைகள். ஆனால் தேர்வு செய்பவர் பார்க்க வேண்டியது கதைக்கு அடுத்த பக்கத்தை. ரோடியா தன் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். கோபுரங்கள் பாதுகாப்பற்றவை என்று நகர நிர்வாகம் இடிக்க உத்தரவிட்டது. காக்க முன்வந்தவர்கள் 1959-இல் 10,000 பவுண்டு விசை கொடுத்துச் சோதனை நடத்தி, கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவிதான் வளைந்தது என்று காட்டிய பிறகே அது பிழைத்தது. பிழைத்தது என்றாலும் அதன் விரிசல்களை அடைக்கும் வேலை அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. காரணம் எளியது. கம்பியின் மேல் பூசும் சாந்து மெல்லியதாக இருந்தால், காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே நுழைந்து சாந்தின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். அந்தக் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் கவசம். அது போன பிறகு ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தைக் கேட்பதால், பூச்சை உள்ளிருந்தே பிளக்கிறது. விரிசல் வழியே மேலும் நீர் இறங்குகிறது. சில்லுகளைப் பதித்த மேற்பரப்பில் இந்த நோய் வெளியில் தெரிவதற்குத் தாமதமாகும். ஒரு பீங்கான் துண்டு கழன்று விழுந்து, அதன் அடியில் காவி நிறக் கறை தெரியும்போது, உள்ளே வேலை வெகு தூரம் நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே இந்த வழியை விரும்புவோருக்கு என் ஆலோசனை கொஞ்சம் கறாரானது. நிலம் உங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். உருவம் உங்கள் தலை உயரத்தைத் தாண்டக் கூடாது. கம்பி வைக்காமல் கல்லும் சாந்தும் மட்டும் கொண்டு செய்யக்கூடிய வடிவமாக இருந்தால் இன்னும் நல்லது. தலைக்கு மேலே போகும் எதற்கும் பொறியாளரும் அனுமதியும் தேவைப்படும், விழுந்தால் ஆளைக் கொல்லும். இவற்றுக்கெல்லாம் உடன்பட்ட பிறகும் ஒரு குறை மீதமிருக்கிறது: பிடிக்காமல் போனால் இதை எடுக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். இந்த ஐந்தில் மிக ஆழமான நிறைவைத் தரக்கூடியதும் இதுதான், முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ளத் தகாததும் இதுதான்.

உயிர்வேலியின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. சிமென்ட் உருவம் நீங்கள் இல்லாவிட்டாலும் சில பத்தாண்டுகள் நிற்கும். செடியோ நீங்கள் ஓராண்டு திரும்பிப் பார்க்காவிட்டால் தன் வடிவத்தைத் தானே எழுதிக்கொள்ளும். லண்டனுக்கு அருகில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலுள்ள புதிர்ப்பாதை 1690-ஆம் ஆண்டையொட்டி நடப்பட்டு இன்றும் மக்களைச் சுற்றவிடுகிறது என்றால், அதற்குக் காரணம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள் கத்தரியை விடாமல் பிடித்திருந்தார்கள் என்பதே. இங்கிலாந்தின் லாங்லீட் மாளிகைத் தோட்டத்தில் 1975-இல் அமைக்கப்பட்ட புதிர்ப்பாதையில் யூ என்னும் பசுமைமாறா ஊசியிலை மரங்கள் 16,000-க்கும் மேல் இருக்கின்றன, பாதையின் நீளம் 2.7 கிலோமீட்டர், அதைப் பார்த்து ஆசைப்படுபவர் முதலில் கணக்கிட வேண்டியது இருபுறமும் மேற்புறமும் சேர்த்து வெட்டவேண்டிய பரப்பை. பாதை நூறு மீட்டர், வேலி இரண்டு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், பாதையின் இரு ஓரங்களிலும் சேர்த்து 400 சதுர மீட்டர் இலைச்சுவர். அது ஒவ்வோர் ஆண்டும், வேகமாக வளரும் செடியாக இருந்தால் ஆண்டில் பலமுறையும், வெட்டப்பட வேண்டும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. யூ போல மெதுவாக வளரும் மரத்தை நட்டால் வெட்டும் வேலை குறைவு, ஆனால் கண்ணை மறைக்கும் உயரம் வர ஆண்டுகள் பல ஆகும். வேகமாக வளரும் செடியை நட்டால் சீக்கிரம் உயரம் கிடைக்கும், ஆனால் அந்த வேகம் உயரம் வந்ததும் நின்றுவிடாது. செடிகளை உருவமாக வெட்டும் கலைக்கும் இது பொருந்தும். தென் கரோலினாவின் பிஷப்வில்லில் பேர்ல் ஃப்ரையர், ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே, நாற்றுப்பண்ணை கழித்துப்போட்ட செடிகளையும் வாங்கிவந்து 1980-களில் உருவாக்கத் தொடங்கிய தோட்டம் உலகப் புகழ் பெற்றது. அவர் தொடங்கும்போது முறையான பயிற்சி ஏதும் பெற்றிருக்கவில்லை என்பது புதியவருக்கு ஊக்கம் தரும் செய்தி. அவர் முதுமை அடைந்தபோது தோட்டத்தைக் காக்க வெளியாரின் உதவி தேவைப்பட்டது என்பது எச்சரிக்கை. என்னைக் கேட்டால், முழுப் புதிர்ப்பாதையைவிட வாசலில் தெரியும் இரண்டு மூன்று செடிகளை உருவமாக்குவதே தனி ஒருவரின் கைக்கு அடங்கும் அளவு. ஏணியில் ஏறாமல் உச்சியைத் தொட முடிகிறதா என்பதே அளவைத் தீர்மானிக்கட்டும்.

தோட்ட ரயில் என்பது முற்றிலும் வேறு வகை மனிதருக்கானது. கைவேலை, மின்சாரம், நில அமைப்பு மூன்றிலும் ஆர்வம் உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அளவு தோட்டத்துக்கு வழக்கமானது. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் மழையிலும் வெயிலிலும் தாங்கும் ரயில்களை இந்த அளவில் கொண்டுவந்த பிறகு அது பரவலாயிற்று. ஆளே ஏறி அமர்ந்து செல்வதற்கு 5 அங்குலமும் 7¼ அங்குலமுமான பெரிய அளவுகள் உண்டு, ஆனால் அங்கே போனால் பிரேக், கவிழும் ஆபத்து, நீராவிக் கொதிகலனின் அழுத்தச் சோதனை என்று பொழுதுபோக்கு ஒரு சிறு ரயில்வே நிர்வாகமாகவே மாறிவிடும்.

45 மில்லிமீட்டரிலேயே நிற்போம். புதியவர்கள் எந்த என்ஜினை வாங்குவது என்று நேரத்தைச் செலவிடுகிறார்கள். தோல்வி பெரும்பாலும் வருவது தரையிலிருந்து. பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டர் நீளத்துக்கு, அதிகாலைக் குளிருக்கும் வெயிலில் காயும் உச்சிவேளைக்கும் இடையே 40 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால், ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர் நீள்கிறது. இணைப்புகளில் அதற்கு இடம் விடாமல் இறுக்கி, அடியிலும் சிமென்டில் பதித்துவிட்டால், தண்டவாளம் பக்கவாட்டில் பாம்பாக நெளிந்து ரயிலைக் கவிழ்க்கும். சல்லிக்கல் படுக்கையில் மிதக்கவிட்டால் நெளிவு தானே சமன்படும். வளைவுகளை முடிந்த அளவு அகலமாக்குங்கள்; 60 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நீண்ட பெட்டிகள் அதில் அழகாகவும் ஓடா, நிம்மதியாகவும் ஓடா. ஏற்றம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டாதிருப்பது நல்லது. தண்டவாளம் வழியே மின்சாரம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் பச்சைக் களிம்பையும் இலைச்சாற்றையும் தேய்த்துத் துடைக்க வேண்டியிருக்கும். என்ஜினுக்குள்ளேயே பேட்டரி வைத்து வானொலி அலையால் கட்டுப்படுத்தினால் அந்தத் தொல்லை பாதிக்கு மேல் ஒழிந்துபோகும்.

இந்த வழிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம், அதைப் பாதியில் நிறுத்தலாம், பெட்டியில் அடைக்கலாம், வீடு மாறினால் எடுத்துச் செல்லலாம், விற்கவும் விற்கலாம் என்பதே. தொடங்கியவரின் எண்ணத்தையும் மீறி வளரவும் அதற்கு இடமுண்டு. இங்கிலாந்தின் பீகன்ஸ்ஃபீல்டில் ரோலண்ட் கேலிங்ஹாம் தன் விருந்தினரின் மகிழ்ச்சிக்காக அமைத்து 1929-இல் திறந்த பெகன்ஸ்காட் மாதிரிக் கிராமம், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் வீடுகளும் அவற்றுக்கிடையே ஓடும் ரயிலுமாக இன்றும் பார்வையாளரை ஈர்க்கிறது.

ஒரு பருவத்தில் முடிந்துபோகும் விசித்திரங்களைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ராட்சதப் பூசணியை எடுத்துக்கொள்வோம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி தேர்ந்தெடுத்து உருவாக்கிய அட்லான்டிக் ஜயன்ட் வகையின் வழிவந்த காய்கள்தாம் இன்று போட்டிகளை ஆளுகின்றன. 2023-இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயில் எடை போடப்பட்ட ஒன்று 1,247 கிலோ இருந்தது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது காய் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் ஏறும். ஒரு கொடியில் ஒரு காய் மட்டும் விடப்படும். மற்ற பிஞ்சுகள் எல்லாம் கிள்ளப்படும். அதிகாலையில் ஆண் பூவைக் கொண்டு பெண் பூவில் கையால் மகரந்தம் தடவுவார்கள், தண்டின் கணுக்களை மண்ணில் புதைத்து ஒவ்வொன்றிலும் வேர் விடச் செய்வார்கள், காய் பருக்கும்போது தரையில் வழுக்கி நகர்வதற்காக அடியில் மணல் பரப்புவார்கள், தோல் கெட்டியாகிவிடாதபடி துணி போட்டு நிழல் கட்டுவார்கள். இத்தனையும் செய்த பிறகு, வேகமாக ஏறிய ஒரு நாளில் காம்புக்கு அருகே வெடிப்பு விட்டு அது உள்ளறை வரை போய்விட்டால், போட்டியில் அந்தக் காய்க்கு இடமில்லை. விதைகளுக்குத் தாய்க் காயின் எடையையும் வளர்த்தவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து வம்சாவளிப் பெயர் சூட்டுவது இவர்களின் வழக்கம். பந்தயக் குதிரை வளர்ப்பவரின் மனநிலைக்குச் சற்றும் குறையாத மனநிலை அது.

செடி ஒன்றுக்கே ஏறக்குறைய 90 சதுர மீட்டர் இடம் வேண்டும், தண்ணீர் தாராளமாக வேண்டும், பருவம் முழுவதும் ஒரு வாரம்கூட ஊருக்குப் போக முடியாது. இவை பாதகங்கள். சாதகம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: அறுவடையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு தொடர்வதா என்பதைக் குளிர்ந்த மனத்தோடு முடிவு செய்யலாம். மக்காச்சோளப் புதிர்ப்பாதைக்கும் இதே நன்மை உண்டு. பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் பாதையை வெட்டிவிட்டால், அது ஆளுயரம் வளரும்போது சுவர் தயார். வடிவமைப்பில் தவறு நேர்ந்தால் சில மாதங்களில் அது எருவாகிவிடும். யூ வேலியில் அதே தவறைச் செய்தவர் தன் ஆயுள் முழுவதும் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும்.

கடைசி வகையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது உங்களிடம் மிகக் குறைவாகவே கேட்கிறது. தரையில் நீள்வட்டமாக மணி எண்களைப் பதித்து, நடுவே தேதிக்குரிய இடத்தில் ஆள் நின்றால், அவர் நிழலே முள்ளாக மணி காட்டும் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்தது இராது. ஆனால் அந்த நீள்வட்டத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் இடத்தின் அட்சரேகையின் சைன் மதிப்பாகும். 50 டிகிரியில் அது 0.77, நல்ல வட்டம்போல் இருக்கும். 10 டிகிரியில் 0.17 மட்டுமே. நான்கு மீட்டர் நீளத்துக்கு எழுபது சென்டிமீட்டர் அகலம் என்று நசுங்கிப்போய், எண்கள் நெருக்கியடிக்கும், நண்பகல் நிழலும் குட்டையாக விழும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வசிப்பவர், பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த ஒரு கம்பியும், அதைச் சுற்றி மணிக்கு 15 டிகிரி வீதம் சமமாகக் கோடிட்ட வளையமும் கொண்ட வகையைத் தேர்ந்தெடுப்பதே சரி. எந்த வகையாக இருந்தாலும், கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று யாராவது குறை சொல்வார்கள். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடம் வரை முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் வரை பிந்தியும் காட்டுவது இயற்கை.

இதைவிடவும் எளியது சூரியக் குடும்ப மாதிரி. சுவீடனில் 1-க்கு 2 கோடி என்ற அளவில், ஸ்டாக்ஹோமின் உருண்டை வடிவ அரங்கத்தையே சூரியனாகக் கொண்டு, நாடு முழுவதும் விரிந்த மாதிரி இருக்கிறது. கொல்லைக்கு 1-க்கு 10,000 கோடி போதும். சூரியன் 14 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பாசிமணி, அங்கிருந்து ஒன்றரை மீட்டரில் பூமி, கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி, 7.8 மீட்டரில் வியாழன். 45 மீட்டரில் நெப்டியூன். இந்த அளவில் அடுத்த விண்மீன் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்று ஒரு பலகையில் எழுதி வைத்தால், வந்தவர் நீண்ட நேரம் அங்கேயே நின்றுவிடுவார். ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. முடிந்த பிறகு நட்ட குச்சிகளைச் சுற்றிப் புல் மண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாடகை வீட்டிலோ, சில ஆண்டுகளில் மாறிவிடக்கூடிய வேலையிலோ இருப்பவர் சிமென்டையும் உயிர்வேலியையும் அறவே விட்டுவிட்டு, சூரியக் குடும்பத்தையோ ரயிலையோ எடுத்துக்கொள்ளலாம். சொந்த நிலமும் நிலையான வாழ்க்கையும் இருந்தும் தன் பொறுமையைப் பற்றி நிச்சயம் இல்லாதவர், ஒரு பருவம் பூசணியோ மக்காச்சோளமோ வளர்த்துத் தன்னைச் சோதித்துக்கொள்வது உத்தமம். அந்தப் பருவம் முடிந்தும் கை சும்மா இருக்க மறுத்தால் ரயிலுக்கோ செடி உருவங்களுக்கோ போகலாம். ஓய்வு பெற்ற வயதில் தொடங்குபவருக்கு நான் ரயிலைச் சொல்வேன், அதுவும் இடுப்பு உயரத்துக்குக் கட்டிய மேடையின் மேல். குனிந்து நிமிர்வதில்தான் இந்தப் பொழுதுபோக்குப் பலருக்கு முடிந்துபோகிறது.

பார்வையாளர் வர வேண்டுமா என்பதைத் தனியே முடிவு செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பது ஒன்று, முன்பின் அறியாதவர் வண்டிகளில் வந்து இறங்குவது வேறொன்று. இரண்டாவது நிலையில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்ற காப்பீட்டுக் கேள்வி, உள்ளாட்சியின் அனுமதி ஆகியவை அந்த வினோதத்தைவிடப் பெரிய வேலையாகிவிடும். வாசல் திறந்து யாரையும் உள்ளே விடாமலே பிறரை மகிழ்விக்க விரும்பினால், சூரியக் கடிகாரத்தையும் செடி உருவங்களையும் வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும்படி தெருவோரமாக வையுங்கள். ரயில் பாதையைக் கண்ணுக்குத் தெரிந்தாலும் கைக்கு எட்டாத தூரத்தில், வேலியிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். பூசணியை மட்டும் எடை போடும் நாள் வரை யார் கண்ணிலும் காட்ட வேண்டாம். தட்டிப் பார்க்காமல் அதைக் கடந்துபோகிறவர் அரிது.